உமையாள் ஆச்சியும் நான் விற்ற பிரேக்கும்

உமையாள் ஆச்சி போய்விட்டார் என்று பாண்டி போனில் சொன்னபோது நான் முதலில் கேட்டது, "கார்லயா?" என்றுதான். ஐயோ என்றுகூடச் சொல்லவில்லை. இதை எழுத எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அன்று காலை செக்காலை ரோட்டில் செய்தி கேட்ட அத்தனை பேரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். என் கார் சாமான் கடையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"கார்லதாண்ணே," என்றான் பாண்டி. "தேவகோட்டை ரோட்டுல. வண்டிய லாரியில ஏத்தி நம்ம பட்டறைக்குத்தான் கொண்டாந்திருக்காக."

பாண்டி சாக்கோட்டை ரோட்டில் பட்டறை வைத்திருக்கிறான். ஆச்சியின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது பிரேக் பொருத்தியவன் அவன். அந்த பிரேக்கை விற்றவன் நான். இனி நான் எழுதப்போவதை எந்தக் கண்ணோடு படிக்க வேண்டும் என்பது உங்களுக்கு இப்போதே தெரிந்திருக்கும்.

இந்த நினைவு மலருக்கு எழுதித் தரச் சொன்னது ஆச்சியின் மகள் மீனாள். என்னை ஏன் கேட்கிறார் என்று இரண்டு நாள் யோசித்தேன். எதையும் இரண்டு நாள் யோசிக்காமல் நான் ஒப்புக்கொள்வதில்லை. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் என்னைச் சந்தேகப்பட்டவர்கள். நானும் உங்களைச் சந்தேகப்பட்டேன். கணக்கு சரி. இனி ஆச்சியைப் பற்றிப் பேசுவோம்.

ஆச்சி முதன்முதலில் என் கடைக்கு வந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார். தரையோடு தரையாகக் கிடக்கும் அந்த இரண்டு சீட்டு வண்டியிலிருந்து, வெள்ளைப் புடவையும் மூக்குக்கண்ணாடியுமாக, கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து வந்தார். கணவர் செட்டியார் காலமான பிறகு பினாங்கிலிருந்து திரும்பி, சென்னையில் யாரோ விற்ற வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டிருப்பதாக ஊரில் பேச்சு. ஏன் ஆச்சி இந்த வயதில் என்று யாராவது கேட்டால், "அறுவது வருசம் பின்சீட்டுல உக்காந்தாச்சு, அங்குட்டு ஒண்ணும் தெரியலை," என்பார்.

கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது பிரேக் கருகிய வாசம் வந்ததாம். மிதித்தால் பஞ்சை மிதிப்பதுபோல் இருந்ததாம். பெரிய டிஸ்க் வேண்டும், பேட்டை அதில் அழுத்திப் பிடிக்க நாலு பிஸ்டன் காலிப்பர் வேண்டும், சூடு தாங்கும் பிரேக் ஆயில் வேண்டும் என்று நின்றபடியே சொன்னார். இந்த அம்மாவை யார் அனுப்பியது என்றுதான் நான் நினைத்தேன். நான் போலிச் சரக்கு வைத்திருக்கிறேனா என்று வேவு பார்க்க ஆள் அனுப்புகிறவர்கள் இந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள்.

"மெதுவாப் போனா பழைய பிரேக்கே போதும், ஆச்சி," என்று ஆழம் பார்த்தேன்.

"மெதுவாப் போறதுக்கு மாட்டுவண்டி இருக்கே தம்பி. எனக்கு வேகமாப் போகணும். அதுக்குத்தான் பிரேக்கு கேக்குறேன். நிக்காத வண்டிய எவன் வேகமா ஓட்டுவான்?"

வியாபாரம் தெரிந்த வீட்டுப் பேச்சு. வேவு பார்க்க வந்தவர் இப்படிப் பேச மாட்டார் என்று ஆர்டர் எடுத்தேன். டிஸ்க் பெரிதானால் பழைய வீலுக்குள் அடங்காது, வீலும் மாற்ற வேண்டும் என்று நான் சொன்னதும் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"டிஸ்க்கு பெருசு, அதுக்காக வீலு பெருசு, வீலுக்காக டயரு பெருசு. நாளைக்கு வீட்டு வாசலையும் இடிச்சுப் பெருசாக்கச் சொல்லுவீகளோ?"

"உங்க வாசல்ல லாரியே நுழையும் ஆச்சி."

"அதனால வாசல் தப்பிச்சுது."

சரக்கு வந்தது. எங்கள் தொழிலில் போலி பிரேக் பேட் எங்கிருந்து வருகிறது, யார் கொண்டுவருகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதன் அட்டைப்பெட்டி ஒரிஜினல் பெட்டியைவிட அழகாக இருக்கும். நான் அதைத் தொடுவதில்லை. நான் சொல்வதால் நீங்கள் நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆச்சி நம்பவில்லை. பெட்டி முத்திரையை நகத்தால் சுரண்டினார். எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது ஒரிஜினலுன்னு யாரு சொன்னா?"

"கம்பெனிக்காரன் பெட்டியிலேயே போட்டிருக்கான் ஆச்சி."

"காக்கா தன் குஞ்சைப் பொன்குஞ்சுன்னுதானே சொல்லும்?"

பிறகு பேட்களை எடுத்துக்கொண்டு பக்கத்து மளிகைக் கடைக்குப் போனார். ஒரு ஜோடி என்றால் இரண்டும் ஒரே எடை இருக்க வேண்டுமாம். கடைக்காரர் பதறிவிட்டார். "ஆச்சி, இது பருப்பு நிறுக்கிற தராசு!"

"பருப்புக்குப் பொய் சொல்லாத தராசுன்னா இதுக்கும் சொல்லாது. அப்படி இல்லைன்னா இப்பவே சொல்லிருங்க, பருப்பை வேற கடையில வாங்கிக்கிறேன்."

எடை சரியாக இருந்தது. மளிகைக்காரர் என்னைவிடப் பெரிதாக மூச்சுவிட்டார்.

பட்டறையில் வேலை நடந்த அன்று ஆச்சி அங்கேயே டயர் அடுக்கின் மேல் துண்டு விரித்து உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போங்க, முடித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று பாண்டி கெஞ்சியிருக்கிறான். "நான் அங்குட்டுப் போனதும் எந்த நட்டைக் கழட்டி எந்த வண்டியில மாட்டுவீகன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாராம். பழைய டிஸ்க் இட்லித் தட்டு அளவு, புதியது தாம்பாளம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மட்டும் முகத்தில் ஏதோ ஓடியது என்று பாண்டி சொன்னான். சிரிப்பு என்று சொல்ல அவனுக்குத் துணிச்சல் இல்லை.

ஓட்டிப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். எனக்கு எதற்கு என்றேன். "வித்தவுக உள்ள உக்காரணும். அதுதான் முறை," என்றார். அப்படி ஒரு முறை உலகத்தில் எங்கும் இல்லை. ஆனால் மறுத்தால் சரக்கில் சந்தேகம் என்று அர்த்தமாகிவிடும். உட்கார்ந்தேன்.

அன்றுதான் அந்தப் பழக்கத்தைப் பார்த்தேன். வண்டி நகர்ந்து பத்தடிகூடப் போயிருக்காது, பிரேக்கை ஒரு மிதி மிதித்தார். வண்டி தலையை ஆட்டி நின்றது. பிறகுதான் கிளம்பினார். ஏன் ஆச்சி என்றதற்கு, "நகந்ததும் நிக்குதான்னு பாத்துக்கணும் தம்பி. நேத்து நின்னுச்சுங்கிறது நேத்தோட போச்சு," என்றார். சாக்கோட்டை தாண்டி ஆளில்லாத ரோட்டில் முதலில் மெதுவாகப் பல தடவை மிதித்து, புதுப் பேட்டைப் பதமாக்கிக்கொண்டு, கடைசியில் ஆக்ஸிலேட்டரை ஒரே அழுத்தாக அழுத்தி ஓட்டி, பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தார். வண்டி ஒரு பக்கமும் இழுக்கவில்லை. என் மூக்குக்கண்ணாடிதான் பறந்துபோய் முன்கண்ணாடியில் அடித்தது.

"ம். பரவாயில்லை," என்றார். அவரிடம் நான் வாங்கிய ஒரே பாராட்டு அது.

அதற்குச் சில மாதம் கழித்து நடந்ததை உங்களில் பலர் பாதிதான் கேட்டிருப்பீர்கள். ஆச்சி பினாங்குக்குப் போய்விட்டுத் திரும்பிய மறுநாள் காலை. என் கடையில் நல்ல கூட்டம். ஆட்டோவிலிருந்து இறங்கியவர் வாசலிலேயே நின்று, "டூப்ளிகேட்டை வித்துப்பிட்டு எப்படித் தம்பி சோறு இறங்குது உங்களுக்கு?" என்றார். பத்தடியில் மிதித்துப் பார்த்தபோது வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய் வீட்டுக் கதவில் முட்டியிருக்கிறது. நம்பர் பிளேட் நசுங்கியதோடு போனது. கடையில் பேட் வாங்கக் கையில் எடுத்திருந்த ஒருவர் அதைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் சைக்கிளில் சாமான் கட்டி விற்று, இந்தக் கடை வாசலுக்கு வந்து சேர்ந்தவன். பிரேக் விற்பவனுக்குப் பெயர் ஒரு தடவை போனால் திரும்பாது.

வண்டி பாண்டியின் பட்டறைக்கு வந்ததும், மூன்று பேரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றோம். ஆச்சி என்னைச் சந்தேகப்பட்டார். நான், பாண்டி பேட்டை மாற்றிப் போட்டிருப்பானோ என்று சந்தேகப்பட்டு அதை வாய்விட்டும் சொன்னேன். "ஏண்ணே, உங்க சரக்கு சரியில்லைன்னா எம் மேல ஏன் வாரீக?" என்று அவன் எகிறினான். பெடலை மிதித்துப் பார்த்தால் கல் மாதிரி இருக்கிறது. ஆயில் கசிவு இல்லை, காற்று இல்லை. வீலைக் கழற்றி, வெள்ளைத் துணியால் டிஸ்க்கைத் துடைத்தான் பாண்டி. துணி பிசுபிசுவென்று வந்தது. முகர்ந்தான். இன்னொரு தடவை முகர்ந்தான்.

"அண்ணே, இது வண்டி எண்ணெயே இல்லை. இட்லிப்பொடிக்கு ஊத்துற எண்ணெய்."

ஆச்சி அவன் கையிலிருந்து துணியை வாங்கி முகர்ந்தார்.

"ஊருக்குப் போறதுக்கு முந்தி தாழ்ப்பாளு, பூட்டு, சாவிக்கெல்லாம் எண்ணெய் போட்டேன். வண்டியக் கழுவி வச்ச மறுநா பாத்தா இந்த இரும்பு செவசெவன்னு துருப்பிடிச்சுக் கெடந்துச்சு. உங்க சரக்கு மேல சந்தேகம். அதுக்கும் ரெண்டு கை போட்டு விட்டேன்."

மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நம் ஊர் வீடுகள். கிளம்பும்போது இரும்பில் எல்லாம் எண்ணெய் தடவிவிட்டுப் போவது உங்கள் எல்லோர் வீட்டிலும் வழக்கம். தண்ணீர் பட்ட டிஸ்க்கில் ஒரு ராத்திரியில் துரு பூக்கும், முதல் மிதியில் அது தானே போய்விடும். எண்ணெய் போகாது. பேட்டுக்குள் இறங்கிவிடும்.

பாண்டி சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டான். நான் அடக்கவில்லை. ஆச்சி ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். இனி இந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார், என் பெயர் கெட்டது கெட்டதுதான் என்று நினைத்தேன். தப்பு செய்தவர்கள் தெருவை மாற்றிக்கொண்டு நடப்பதைத்தான் இத்தனை வருஷ வியாபாரத்தில் பார்த்திருக்கிறேன்.

மறுநாள், கடையில் கூட்டம் நிறையும் நேரம் பார்த்து வந்தார். அதே வாசலில், அதே இடத்தில் நின்றார். "நேத்து இங்க நின்னு நான் சொன்னது தப்பு. இவுக குடுத்தது ஒரிஜினல். கெடுத்தது என் கை. நேத்துக் கேட்டவுக யாரும் இங்க இல்லைன்னா, அவுகளைப் பாக்குறவுக சொல்லிருங்க," என்றார். பிறகு புது பேட் ஒரு செட் கேட்டார். கொடுத்தேன். அதையும் மளிகைக் கடைக்கு எடுத்துப்போய் நிறுத்தார்.

இதற்குப் பின்னால் என்ன காரியம் இருக்கும் என்று நான் ஒரு மாதம் யோசித்தேன். ஒன்றும் இல்லை. ஊர் கேட்கச் சொன்ன தப்பை ஊர் கேட்கத் திருத்தினார், அவ்வளவே.

இப்போது அந்த லாரிக்கு வருகிறேன். தேவகோட்டை ரோட்டில், பள்ளிக்கூடத்து வளைவுக்கு முன்னால், கார் ரோட்டை விட்டு ஓரமாக இறங்கி நின்றிருந்தது. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தது, இரண்டு பக்க விளக்கும் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது என்று அந்த வழியே வந்த மினிபஸ் டிரைவர் சொன்னார். மாரடைப்பு என்றார் டாக்டர். ஆனால் கார் நின்றதைப் பார்த்தவர் அந்த டிரைவர் ஒருவர்தான். லாரியில் போனதைப் பார்த்தது ஊர் முழுக்க. பிரேக் பிடிக்காமல் வண்டி ஓடியதில் பயந்துதான் நெஞ்சு நின்றது என்று சாயங்காலத்துக்குள் முடிவாகிவிட்டது. என் கடை வாசலில் வந்து நின்று 'இல்லை' என்று சொல்லக்கூடியவர் உயிரோடு இல்லை.

எனக்கு வேறொரு பயமும் இருந்தது. ஆச்சி வண்டியை வீட்டில் விட்டு, ஒரு மாதம் சென்னையில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். கிளம்பும்போது வழக்கம்போல் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்திருந்தால்? மறதியில் கை டிஸ்க்குக்கும் போயிருந்தால்? பத்தடியில் மிதித்துப் பார்த்திருப்பாரே என்று ஒரு மனம் சொன்னது. அவசரத்தில் விட்டிருந்தால் என்றது இன்னொன்று.

காரியங்கள் முடிந்ததும் மீனாள் பட்டறைக்கு வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். வக்கீலோடு வருவார் என்று எதிர்பார்த்தேன். தனியாகத்தான் வந்தார்.

"அண்ணே, ஆத்தா மிதிச்சும் வண்டி நிக்கலைன்னு சொல்றாகளே. நெசமா?"

பாண்டி வீலைக் கழற்றினான். துணியை என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை. "நான் துடைச்சா நான் மறைச்சேம்பாக. நீங்களே துடைங்க," என்று மீனாளிடம் சொல்லி, துணியை அவரிடம் கொடுக்க வைத்தேன். அவர் குனிந்து துடைத்தார். அந்த நேரம் என் கடைக்காக வேண்டிக்கொண்டேனா, ஆச்சிக்காக வேண்டிக்கொண்டேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

துணி கறுப்பாக வந்தது. உலர்ந்த கறுப்பு, பேட் தேய்ந்த கரித்தூள். முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் தந்தார். எண்ணெய் வாசம் துளியும் இல்லை. நான்கு வீலும் கழற்றினோம். நான்கும் அப்படித்தான்.

மீனாள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "வந்த அன்னைக்கி வீட்டைத் திறக்கப் போனா சாவி கையில நிக்கலைண்ணே. பூட்டு, தாழ்ப்பாள், பெட்டகம் எல்லாம் எண்ணெய். எதையும் விடலை ஆத்தா." டிஸ்க்கைத் தொட்டு, "இதை மட்டும் விட்டிருக்காக," என்றார். அப்புறம்தான் அழுதார்.

நெஞ்சு பிடித்த நிமிடத்திலும் பிள்ளைகள் வரும் வளைவுக்கு முன்னால் வண்டியை நேராக நிறுத்தியிருக்கிறார். அவர் மிதித்தார், அது நின்றது. உங்கள் கேள்விக்கு என் பதில் இவ்வளவுதான்.

வண்டியை மீனாளே ஓட்டிப் போனார். பட்டறை வாசலைத் தாண்டவில்லை, ஒரு மிதி. வண்டி தலையாட்டி நின்றது. பிறகு ரோட்டில் ஏறிப் போய்விட்டது. பாண்டியும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஆச்சியிடமிருந்து என்னிடம் தங்கியது அந்தப் பத்தடி மிதி. இப்போது என் ஸ்கூட்டரிலும் அதைச் செய்கிறேன், பின்னால் வருகிறவர்கள் திட்டுகிறார்கள். இன்னொன்று, அந்தத் துணி. துவைக்காமல் கடை அலமாரியில் வைத்திருக்கிறேன். யாருக்காவது இன்னும் சந்தேகம் இருந்தால் வந்து முகர்ந்து பார்க்கலாம். ஆச்சி இருந்திருந்தால் முதல் ஆளாக வந்திருப்பார். நான் எழுதிய இதில் ஒரு வரியையும் நம்பியிருக்க மாட்டார்.