இரவல் குக்கரின் மூன்று பதிப்புகள்

நான் எழுதியது ஒரே ஒரு நாடகம்தான். ஓரங்கம். பெயர் 'இரவல் குக்கர்'. அது மூன்று தடவை வெளிவந்தது என்று யாரிடமாவது நான் சொன்னால், என் வீட்டுக்காரர் குறுக்கே புகுந்து, "முதல் தடவை வந்தது அச்சே இல்ல" என்பார்.

எழுபதுகளில் நாங்கள் இருவரும் செகந்திராபாத்தை அடுத்த குஷாய்குடா பக்கம் ஓர் அரசுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். நான் டைப்பிங் செக்‌ஷன். காலனித் தமிழ்ச் சங்கத்தார் பொங்கலுக்கு நாடகம் வேண்டும் என்றார்கள். மெட்ராஸிலிருந்து வந்த புத்தகங்களில் எல்லாம் அரண்மனை, இருபது பாத்திரங்கள். எங்களிடம் நடிக்க இருந்தது மூன்று பேர். அதனால் நானே எழுதினேன். மாமியார் ஊரிலிருந்து வருகிற நாளில் பக்கத்து வீட்டுக்காரி குக்கரை இரவல் வாங்கிப் போய்விடுகிறாள். திருப்பிக் கேட்கப் புருஷனுக்கும் கூச்சம், பெண்டாட்டிக்கும் கூச்சம். அவ்வளவுதான் கதை.

ஆபீஸில் தமிழ் டைப்ரைட்டர் கிடையாது. ஸ்டென்சில் தாளில் கையால் எழுதி, சைக்ளோஸ்டைலில் பிரதி எடுத்தேன். 'ள' வருகிற இடமெல்லாம் தாள் கிழிந்து மை குளம் கட்டிவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரியாக நடித்தவள் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், எங்கள் செக்‌ஷன்தான். ஒத்திகையில் தப்பே விடாதவள், மேடையில் வசனத்தை மறந்துவிட்டாள். "குக்கரைக் கொஞ்சம் தர்றீங்களா?" என்று பெண்டாட்டி கேட்டதும் விழித்தாள். பிறகு வீட்டில் பேசுகிற மாதிரியே, அந்த ஊர் உருதுவைக் கலந்து, "நக்கோ அக்கா! கைக்கு இவ்ளோ அவசரம்?" என்றாள். கொட்டகை அதிர்ந்தது. சிரிப்பு அடங்குகிற வரை நாடகம் நின்றது. ஓரத்தில் பிரதியோடு நின்ற எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் நானும் சிரித்துவிட்டேன்.

அவள் சொன்னதையே வசனமாக்கி ஒரு மெட்ராஸ் பத்திரிகைக்கு அனுப்பினேன். வெளியிட்டார்கள்! பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு செக்‌ஷன் முழுக்கச் சுற்றினேன். அவள்தான் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"மேடம், இது நான் சொன்னதில்லையே."

வாங்கிப் பார்த்தேன். 'வேண்டாம் அக்கா, எதற்கு இத்தனை அவசரம்?' என்று திருத்தியிருந்தார்கள்.

மறு வருஷம் சங்கத்து மலரில் நாடகத்தைச் சேர்த்தபோது விடவில்லை. ப்ரூஃப் பார்க்க நானே அச்சகத்துக்குப் போனேன். அச்சுக் கோர்க்கிறவர் தெலுங்குக்காரர். தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பார், அர்த்தம் தெரியாது. முணுமுணுத்துக்கொண்டே கோர்த்தவர், "நக்கோ... கைக்கு..." என்று வந்ததும் நிறுத்தினார்.

"இதி மன மாட்டே கதா, மேடம்!" நம்ம பேச்சாச்சே இது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். "எவரு, எந்துக்கு நக்கோ அண்டாரு?" யார், எதுக்காக நக்கோ சொல்கிறார்கள் என்று தெரிந்தாக வேண்டுமாம்.

என் அரைகுறைத் தெலுங்கில் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல நடிப்பும் வந்துவிட்டது. புருஷன், பெண்டாட்டி, பக்கத்து வீட்டுக்காரி மூவரும் நானே. மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். முதலாளி அதட்ட வந்தார், வந்தவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மலர் ஒரு நாள் தாமதமாகத்தான் வந்தது. ஏனென்று சங்கத்தில் கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.