துணைக்கு வந்தவர் பாஸ்

சின்னாளப்பட்டியிலிருந்து வரும் பஸ்ஸில், முன் இருக்கையில் பி.எட். படிக்கும் இரண்டு பெண்கள். ஆசிரியர் தகுதித் தேர்வில் யார் பாஸாவார்கள் என்று விவாதம்.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"காலேஜ்ல நல்ல மார்க் வாங்குனவங்க கட்டாயம் பாஸாகிருவாங்கம்மா. நான் கோல்டு மெடல்" என்றேன்.

"அப்ப நீங்க பாஸாகிட்டீங்களாக்கா?"

"மூணு தடவ எழுதியிருக்கேன்." அனுபவசாலி போலத் தோன்றும் என்று நினைத்தேன்.

"ஒங்களுக்குத் தெரிஞ்சு யாராச்சும் பாஸாகியிருக்காங்களா?"

"எங்க வீட்டுக்காரர். எனக்குத் துணைக்குத்தான் எழுத வந்தாரு. மொதத் தடவையே பாஸ்."

"அவரு எப்படிப் படிச்சாருக்கா?"

அதை நான் இதுவரை கேட்டதே இல்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"பழைய கேள்வித்தாள எடுத்து, மணி பாத்து எழுதிப் பழகுனேன். அம்புட்டுதான். ஒன்னையுந்தான் கூப்பிட்டேன். 'கோல்டு மெடலுக்கு இதெல்லாம் எதுக்கு'ன்னு நீதான் சொன்ன" என்றார், வெங்காயம் உரித்தபடி.

அடுத்த முறையும் தவறினால் பள்ளியில் இப்போது பார்க்கும் ஆசிரியர் வேலையும் நிலைக்காது. ஆகவே, பழைய வினாத்தாள் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அனுப்புங்கள்.

"வீட்டிலேயே இருக்குமே, அவரிடம் கேளுங்கள்" என்று மட்டும் யாரும் கமென்ட் போடாதீர்கள்.