எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வாங்க

கடைமடைக்காரர்களுக்குச் சாலை மறியல் ஒன்றும் புதிதில்லை. எங்கள் ஊர் பேராவூரணிப் பக்கம். ஆற்றில் தண்ணீர் விட்டால் மேலே இருப்பவர்கள் எல்லாம் பாய்ச்சி முடித்த பிறகுதான் எங்களுக்கு வரும். அறுத்த நெல்லை அரசாங்கக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், இன்றைக்குச் சாக்கு இல்லை என்பார்கள், நாளைக்கு லாரி இல்லை என்பார்கள். கேட்டுப் பார்ப்போம், கெஞ்சிப் பார்ப்போம், அப்புறம் போய் ரோட்டில் உட்கார்ந்துவிடுவோம். உட்கார்ந்தால்தான் தாசில்தார் ஜீப் வரும்.

தாசில்தார் வந்து பேசி, கூட்டம் எழுந்ததும் ஒரு சடங்கு நடக்கும். ஏட்டையா அட்டையில் பேப்பரைச் செருகிக்கொண்டு வந்து, "ஒரு பத்துப் பேர் பேர் குடுங்கப்பா, மேல பதில் சொல்லணும்ல" என்பார். அதட்டமாட்டார், கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் கேட்பது மாதிரி கேட்பார். உடனே கூட்டத்திலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள்: "பாஸ்போர்ட் எடுக்கிற பசங்க எல்லாம் பின்னால போங்கடா!" வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரோ துபாயோ போகிற ஊர் எங்களுடையது. ஒருவர் பேரில் கேஸ் இருந்தால் பாஸ்போர்ட் சிக்கிக்கொள்ளும். அதனால் எங்கேயும் போகப் போகாதவர்கள் முன்னால் வந்து பேர் கொடுப்பார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், பெண்கள்.

நான் கல்லூரிக் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது தை மாதத்தில் விடாமல் மழை பெய்தது. கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த எங்கள் நெல் அடியில் முளைவிட்டுவிட்டது. அம்மா குத்தகைக்கு நிலம் எடுத்து நடத்துபவள். அப்பா நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டார். அம்மா தார்ப்பாயைத் தூக்கி, முளைத்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, யாரையும் கேட்காமல் நேராக நடந்து போய் ரோட்டின் நடுவில் உட்கார்ந்தாள். நானும் தம்பியும் பின்னால் போய் உட்கார்ந்தோம். ஊரே வந்து உட்கார்ந்தது. ஆம்புலன்ஸுக்கும் பள்ளிக்கூட வேனுக்கும் மட்டும் எழுந்து வழிவிட்டோம்.

ஏட்டையா பேர் கேட்டு வந்தபோது தம்பியின் பாஸ்போர்ட் விசாரணையில் இருந்தது. அவன் பின்னால் போனான், நான் முன்னால் வந்தேன். ஏட்டையா என்னை ஏற இறங்கப் பார்த்து, "படிக்கிற புள்ளையாச்சே, யோசிச்சுக்கம்மா" என்றார். அம்மாதான் சொன்னாள்: "இவளுக்கு என்ன பாஸ்போர்ட்டா எடுக்கப் போறோம்? எழுதிக்கங்க." நானும் சிரித்தேன். எனக்கும் அது வேடிக்கையாகத்தான் பட்டது.

தம்பி சிங்கப்பூர் போய்க் கட்டட வேலையில் சேர்ந்தான். நான் ஊரிலேயே இருந்து போலீஸ் தேர்வு எழுதினேன். சின்ன வயதிலிருந்தே எனக்குக் காக்கிமேல் ஒரு பித்து. ஓட்டத்தில் முதலாவதாக வருவேன், எழுத்துத் தேர்வில் கோட்டைவிடுவேன். மூன்றாவது தடவையும் போனதும், "உனக்கு வந்த வரனெல்லாம் திரும்பிப் போவுது, நீ மைதானத்தைச் சுத்திக்கிட்டு இரு" என்று அம்மா திட்டினாள். அந்த நேரத்தில்தான் தம்பி போன் செய்தான்.

"அக்கா, இங்க ஆக்சிலரி போலீஸ்னு ஒண்ணு இருக்கு. யூனிபார்ம், துப்பாக்கி எல்லாம் உண்டு. ஏர்போர்ட்டு, செக்போஸ்ட்டு இங்கெல்லாம் நிப்பாங்க. நம்ம ஊர்லேர்ந்தும் ஆள் எடுக்கிறாங்களாம். பொம்பளப் புள்ளைங்களையும் எடுக்கிறாங்க. நீ போட்டுப் பாரேன்."

போட்டேன். தஞ்சாவூரில் வைத்து ஓட விட்டார்கள், உயரம் பார்த்தார்கள், ஆங்கிலத்தில் பேசச் சொன்னார்கள். என் ஆங்கிலம் நொண்டியடித்துத்தான் வந்தது, ஆனாலும் நிற்காமல் வந்தது. தேறிவிட்டேன். கடைசியாக ஒரு நேர்காணல் பாக்கி, அதற்குள் பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள் என்றார்கள். அடுத்த குழு கிளம்பும்வரைதான் எனக்கு இடம்.

பாஸ்போர்ட் விசாரணைக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் காவலர் என் பேரைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "உம்மேல கேஸ் இருக்கேம்மா. சாலை மறியல். கோர்ட்டுல நிக்குது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. யார்மேல் கோபப்படுவது என்பதுதான் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, பாவம், அம்மாமேல் பாய்ந்தேன். "என்ன பாஸ்போர்ட்டா எடுக்கப் போறோம்னு சொன்னியே! இப்ப எடுக்கப் போறேன், என்ன சொல்ற?" அம்மா அடுப்பில் இருந்த சோற்றைக்கூட இறக்காமல் நின்றாள். தம்பி போனில் அழுதேவிட்டான். "எம் பேரைக் குடுத்திருக்கணும்க்கா, என்னாலதானே." "போடா, உளறாதே" என்று வைத்துவிட்டேன். அழுவதற்கு எனக்கு நேரமில்லை.

கேஸில் பேர் உள்ள எல்லோருமாக ஒரு வக்கீலைப் பார்த்தோம். அவர் ரொம்பச் சுலபமாகச் சொன்னார். "குத்தத்த ஒத்துக்கங்க, அபராதம் போடுவாங்க, கட்டிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடலாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க." எல்லோருக்கும் முகம் மலர்ந்தது. நான்தான் கேட்டேன்: "ஒத்துக்கிட்டா தண்டனை வாங்குனதா ஆயிடாதா சார்?" ஆகும் என்றார். தண்டனை வாங்கியவளை எந்த ஊரில் போலீஸாக எடுப்பார்கள்? "நான் மட்டும் ஒத்துக்கலன்னா?" "உன் கேஸைத் தனியாப் பிரிப்பாங்க. அப்புறம் அது எப்ப முடியும்னு அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்."

ஆக, அத்தனை பேரும் ஒத்துக்கொள்ளாமல் நின்றால்தான் எனக்கு வழி. வீடு வீடாகப் போனேன். "உன் வேலைக்காக நாங்க வாய்தா வாய்தாவா அலையணுமா? ஒரு நாள் கூலி போனா நீ குடுப்பியா?" என்று ஒருவர் முகத்துக்கு நேராகக் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனாலும் நான் வாசலைவிட்டு நகரவில்லை. அடுத்த தெருப் பெரியம்மாவுக்கும் அந்தக் கேஸில் பேர் உண்டு. சத்தம் கேட்டு வந்தவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தாள்.

"நனைஞ்சது யாரு நெல்லு? நம்ம நெல்லு. அதுக்குக் கேக்கப் போனது குத்தம்னு நீ ஒத்துக்கிறியா? நான் மாட்டேன். இந்தப் புள்ள வேலைக்குப் போனாலும் சரி, போவாட்டியும் சரி, நான் ஒத்துக்க மாட்டேன். நீ வேணும்னா போய்க் காலுல விழு."

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் ஒத்துக்கொள்ளத் துணியவில்லை. பெரியம்மாவின் வாய்க்குப் பயந்து பாதிப் பேர், நிஜமாகவே ரோஷம் வந்து பாதிப் பேர்.

விசாரணை தொடங்கியது. தொடங்கியது என்றால், நாங்கள் எல்லோரும் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வோம், சாட்சி வராது, வாய்தா போடுவார்கள், திரும்பி வருவோம். சாட்சி வேறு யார், பேர் எழுதிய அந்த ஏட்டையாதான். அவர் பதவி உயர்ந்து எஸ்.எஸ்.ஐ. ஆகி வேளாங்கண்ணிப் பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். திருவிழா பந்தோபஸ்து, மந்திரி பந்தோபஸ்து என்று ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வந்தது. சிங்கப்பூரில் என் குழுவுக்குப் பயணத் தேதி போடப் போவதாகத் தம்பி சொன்னான். பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் காலையில் பஸ் ஏறிவிட்டேன்.

வேளாங்கண்ணியில் மெழுகுவத்திக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருமுனையில், வெயிலில் நின்று வண்டிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். நரை கூடியிருந்தது. என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஊர் பேரைச் சொன்னதும் தெரிந்தது.

"ஐயா, அடுத்த வாய்தாவுக்கு நீங்க அவசியம் வரணும். வந்து சாட்சி சொல்லணும்."

"எந்தக் கேஸ்ல?"

"எங்க மேல உள்ள கேஸ்லதாங்க."

கையில் இருந்த விசிலை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். "ஏம்மா, உனக்கு எதிராச் சாட்சி சொல்லச் சொல்லி நீயே வெத்தல பாக்கு வைக்க வந்திருக்கியா? இருவத்தஞ்சு வருச சர்வீஸ்ல இப்படி ஒருத்தர நான் பார்த்ததில்ல."

விஷயத்தைச் சொன்னேன். போலீஸ் வேலை என்றதும் அவர் சிரிப்பு நின்றது. "வந்தா நான் நடந்ததைத்தாம்மா சொல்லுவேன். உனக்காக மாத்தியெல்லாம் சொல்ல மாட்டேன்" என்றார்.

"நடந்ததையே சொல்லுங்கய்யா. வந்து சொல்லுங்க, அது போதும்."

திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம், இவர் நடந்ததைச் சொன்னால் நான் உட்கார்ந்ததையும் சொல்லிவிடுவாரே என்று நினைத்துக்கொண்டே வந்தேன். என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேனோ என்று பயமாக இருந்தது. ஆனாலும் சாட்சி வராமல் இழுத்தடித்தாலும் என் கதை முடிந்தது முடிந்ததுதான்.

வந்தார். யூனிபார்மைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். எங்கள் வக்கீல் கேட்டார்: "இதோ நிக்கிறவங்கதான் ரோட்டுல உக்காந்திருந்தாங்கன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"ஊரே உக்காந்திருந்ததுங்க. யாரு யாருன்னு சொல்ல முடியாது. உக்காந்தவங்களப் பார்த்து நான் எழுதல. பேர் குடுங்கன்னேன், குடுத்தாங்க, எழுதிக்கிட்டேன்."

மாஜிஸ்திரேட் ஒரு பெண்மணி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அவங்களாவே முன்வந்து குடுத்தாங்களா?" என்றார்.

"ஆமாங்கம்மா. இந்தப் பக்கம் அப்படித்தாங்கம்மா. வெளிநாடு போறவன் உக்காருவான், வீட்டுல இருக்கிறவங்க பேர் குடுப்பாங்க."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது, மாஜிஸ்திரேட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்தார். ஏட்டையா மட்டும் சிரிக்கவில்லை. அவர் நடந்ததைத்தான் சொன்னார், ஒரு சொல்கூட மாற்றவில்லை. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று எங்கள் எல்லோரையும் விடுதலை செய்தார்கள். வெளியே வந்ததும் பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளி, "போ, போயி எவனையாச்சும் புடிச்சு உள்ள போடு" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பாஸ்போர்ட் வந்தது. கடைசி நேர்காணல் வீடியோவில் நடந்தது. அந்தப் பக்கம் இருந்த அதிகாரி சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தீர்ப்பு நகலைப் புரட்டிக்கொண்டே தமிழுக்கு மாறினார். "கோர்ட் உங்களை விட்டுடுச்சு, சரி. நான் கேக்குறேன், நீங்க அன்னைக்கு ரோட்டுல உக்காந்தீங்களா?"

இல்லை என்று சொல் என்றுதான், இங்கிருந்து ஆள் எடுத்து அனுப்பும் ஏஜென்ட் சொல்லிக் கொடுத்திருந்தார். விடுதலையான பிறகு உண்மை யாருக்கு வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனால் ஒரு மனிதரை வேளாங்கண்ணியிலிருந்து நடந்ததைச் சொல்ல வாங்க என்று வெட்கமில்லாமல் கூப்பிட்டு வந்தவள் நான். எந்த முகத்தோடு மாற்றிச் சொல்வது?

"உக்காந்தேன் மேடம். எங்க நெல்லு முளைச்சுப் போச்சு, அதனால உக்காந்தேன்."

"இங்க யாராவது அப்படி உக்காந்தா, எழுப்பச் சொன்னா, எழுப்புவீங்களா?"

"எழுப்புவேன் மேடம். கையப் புடிச்சு எழுப்புவேன். இழுக்க மாட்டேன்."

அவர் குனிந்து பேப்பரில் ஏதோ குறித்துக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். "ஷிப்ட்ல வேலை செய்ய முடியுமா?" என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி.

இப்போது சிங்கப்பூரில் ஒரு சோதனைச் சாவடியில் நிற்கிறேன். பயிற்சியில் முட்டி பெயர்ந்தது, நொண்டிக்கொண்டே ஓடினேன். தம்பி லீவு நாளில் வந்து, யூனிபார்மில் என்னோடு படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பினான். அம்மா அதைப் பார்த்து, "தொப்பி பெருசா இருக்கே" என்று மட்டும் சொன்னாள். பெருமை தாங்காமல்தான் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

போன அறுவடைக்கு மறுபடியும் மழை. மறுபடியும் சாக்கு வரவில்லை. நான் டூட்டிக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தபோது அம்மா கூப்பிட்டாள். பின்னால் ஒரே இரைச்சல், பெரியம்மாவின் குரல் தனியாகக் கேட்டது.

"எல்லாரும் ரோட்டுக்குப் போறாங்க. நம்ம நெல்லும் வாசல்லதான் கிடக்கு" என்றாள். பிறகு தயங்கினாள். அம்மா தயங்கி நான் கேட்டதே இல்லை. "நான் போகலடி. போலீஸ்காரியப் பெத்தவ போயி ரோட்டுல உக்காந்தா, அங்க உன்னக் கேக்க மாட்டாங்களா?"

முளைத்த நெல்லை அள்ளிப் பார்த்துவிட்டு யாரையும் கேட்காமல் எழுந்து போனவள் அவள். நான் இந்த யூனிபார்மை வாங்கி வந்து என்னைக் கேட்டுவிட்டு உட்காருகிறவளாக அவளை ஆக்கிவிட்டேனா?

"கேட்டா நான் சொல்லிக்கிறேம்மா" என்றேன். "நீ போய் உக்காரு."