பாறையைச் சுரண்டிய பல்லி

மாடிக் கட்டடங்களுக்குக் கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடிக்கும் அவளுக்கு எல்லோரும் வைத்த பேர் பல்லி. கோபமே வராது. "பல்லி சுவர விட்டு விழாதுல்ல?" என்று அவளே சிரிப்பாள். அப்படிப்பட்டவளைத்தான் செடி ஆராய்ச்சி செய்யும் ஓர் அம்மா மலைக்குக் கூட்டிப்போனார்.

செங்குத்துப் பாறையில், தடித்த இலைக்குள் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் செடி. உலகத்திலேயே மிச்சமிருப்பது ஒரே ஒரு கொத்து. அதுவும் போனால் "காட்டில் அற்றுப்போனது" என்று அறிவித்துவிடுவார்கள். பல்லி இறங்கி, அது உயிரோடிருக்கிறதா என்று பார்த்து வரவேண்டும். மேலே கயிறு பிடிக்க அவள் அண்ணன். அம்மா காட்டிய படத்தில் செடி பச்சைப்பசேலென்று கொழுகொழுவென இருந்தது.

இறங்கினாள். கை சும்மா இருக்குமா? எந்தச் சுவரானாலும் பொரிந்து நிற்கும் பழைய பெயிண்டைச் சுரண்டித் தள்ளிவிட்டுத்தான் அவளுக்கு மறுவேலை. இடுப்பிலிருந்த சுரண்டும் தகடு தானாகக் கைக்கு வந்தது. பாறையில் பழுப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்த எதையோ ஒரே இழுப்பில் பெயர்த்தாள். அது கீழே போகும்போதுதான் வேர் தொங்குவதைப் பார்த்தாள். படம் மழைக்காலத்தில் எடுத்தது. இது கோடை.

பல்லி மேலே பார்த்துக் கத்தினாள்: "அண்ணே, கயிற விடு! இன்னும் கீழ விடு!"

"எதுக்குடி? என்னாச்சு?"

"உலகத்துல இருந்த ஒண்ணையும் சுரண்டிட்டேன், அண்ணே!"

மேலேயிருந்து அம்மாவின் "ஐயோ!" கேட்டது. பல்லிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பொறுக்கியெடுத்து எங்கேயாவது நட்டுவிடலாம் என்று இறங்கிக்கொண்டே போனாள். கொத்து உருண்டு ஒரு பிளவுக்குள் கிடந்தது. பக்கவாட்டில் திரும்பிய பிளவு. மேலிருந்தும் தெரியாது, கீழிருந்தும் தெரியாது. தலையை நீட்டிப் பார்த்தாள். பாறையில் கசியும் ஈரத்தில், படத்தில் பார்த்த அதே செடி, கூட்டங்கூட்டமாக மஞ்சள் பூவோடு நிறைந்திருந்தது.

போனில் படமெடுத்து அனுப்பினாள். அடுத்த நொடி மலையே அதிரும்படி அம்மா கத்தினார்: "பல்லி! எதையும் தொடாத! ரெண்டு கையையும் பாக்கெட்ல வையி!"

"வச்சா எதைப் புடிச்சு ஏறி வர்றது மேடம்?"

அழுகையும் சிரிப்புமாக, பெயர்த்த கொத்தை ஈரமான ஓர் இடுக்கில் பதமாகச் செருகிவிட்டு ஏறினாள்.

அழிவின் விளிம்பில் இருந்த செடி இப்போது அழிந்துவரும் செடிகளின் பட்டியலில் ஒரு படி நல்ல நிலைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு முறை கணக்கெடுப்புக்குப் போகும்போதும் அம்மா முதல் வேலையாகப் பல்லியின் இடுப்பைத் தடவித் தகட்டைப் பிடுங்கிக்கொள்வார். அவளும் சமர்த்தாகக் கொடுத்துவிடுவாள். பிளவை எட்டியதும் மற்றதெல்லாம் அப்புறம்தான். முதலில் தான் செருகிய கொத்தைத் தேடுவாள். போன மழைக்குப் போனபோது அது பூத்திருந்தது.

"அண்ணே," என்று கீழேயிருந்து கத்தினாள், "என் மேல அதுக்குக் கோவமே இல்ல!"