முத்திரை அவர் கையில்

மோர்னிங்சைட்டிலிருந்து ஏரிக்கரை வெளிச்சவீட்டுக்குப் போன சுற்றுலா பஸ்ஸில் அந்த அன்ரி எனக்குப் பக்கத்தில் இருந்தார். பருத்திச் சேலை, அதன்மேல் குளிர் ஜக்கெற், காலில் பளிச்சென்ற ஓட்டச் சப்பாத்து. பூங்கா, பறவைகள் சரணாலயம், வெளிச்சவீடு என்று போகுமிடமெல்லாம் முத்திரை குத்திக்கொள்ளும் பாஸ்போட் புத்தகம் ஒன்று என்னைப் போலவே அவரும் வைத்திருந்தார்.

வெளிச்சவீட்டு வாசலில் ஒரு மேசை. அதில் முத்திரையும் மைப்பெட்டியும். பொறுப்பாக நின்ற இளம் பெண் உதவி செய்வதாக நினைத்து முத்திரையை எடுத்தாள். அன்ரி தன் புத்தகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

"நோ, நோ. ஐ டூ," என்று அவளிடமிருந்து முத்திரையை வாங்கியவர், என் பக்கம் திரும்பினார். "தம்பி, எத்தினை எயாப்போட்டிலை நிண்டிருப்பன்! உள்ளுக்கு விடுற முத்திரையை ஆரும் என்ரை கையிலை தந்தவங்களோ? இஞ்சை தாறாங்கள். விடுவனோ?"

ஓங்கி ஒரு குத்து. எழுத்துகள் நேராக விழுந்தன.

அடுத்து என் புத்தகத்தையும் வாங்கினார். கண்ணாடியைச் சற்று இறக்கி, புத்தகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தினை நாள் நிப்பீர்?"

"பின்னேரமே போயிடுவன், அன்ரி."

"உள்ளுக்கை தெரிஞ்ச ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

"இல்லை."

முத்திரையைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தார். பிறகு குத்தினார்.

"சரி, போம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை, எனக்குப் பின்னால் நின்றவரை விரலால் அழைத்தார்.

அது விளையாட்டுத்தானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் அவர் யோசித்த அந்தக் கொஞ்ச நேரமும் எனக்கு உண்மையாகவே நெஞ்சு படபடத்தது.