கை காட்டினால் நிற்கும் ரயில்

காலை பதினொன்று இருபதுக்கு ரயில் என்னை விட்டுவிட்டுக் கிளம்பியது. உள்ளே என் பத்து வயது மகள். அவள் மடியில் என் கைப்பை, அதற்குள் கைப்பேசி.

மலேசியாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் பழைய கிளை ரயில் பாதையைச் சீர்செய்து சுற்றுலா ரயில் விடுகிறார்கள். நான் பிறந்த ரப்பர் தோட்டத்தின் வழியாகத்தான் போகிறது. மகளுக்குக் காட்டப் போனால், வழிகாட்டியாக வந்து நின்றவள் மல்லிகா! எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிய கிராணியின் மகள்.

அந்தக் காலத்தில் அவள் வெள்ளைச் சாக்ஸ் போட்டு ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பள்ளிக்குப் போவாள். நாங்கள் கடைசிப் பெட்டியில், ஒட்டுப்பால் மூட்டைகளுக்கு நடுவில். ரப்பர் மரத்தில் காய்ந்து ஒட்டிய அந்தப் பாலின் நாற்றம் சட்டையில் ஏறினால் மூன்று சலவைக்கும் போகாது. "தள்ளி நில்லு லா, நாறுது" என்பாள். இப்போது ஒலிபெருக்கியில் அதை 'வாசனை' என்கிறாள். என் மகள் வாய்பிளந்து கேட்கிறாள். வீட்டில் நான் தோட்டம் என்று ஆரம்பித்தாலே காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்கிறவள். வயிறு எரிந்தது, உங்களிடம் மறைப்பானேன்.

தோட்டத்தில் படம் எடுக்க ரயில் நின்றது.

"வாடி, அம்மா பொறந்த லயத்தக் காட்டுறேன்."

"நீங்க போங்கம்மா. ஆன்ட்டி கதை சொல்றாங்க."

முறைத்துக்கொண்டு தனியே இறங்கி நடந்தேன். வரிசை வீடுகள் நின்ற இடமெல்லாம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. ரயில் ஊதியபோதும் நான் அவசரப்படவில்லை. எங்கள் காலத்தில் தண்டவாளத்தோரம் நின்று கை காட்டினால் போதும். "ரயிலென்ன ஒங்க வீட்டு மாட்டுவண்டியா?" என்று திட்டிக்கொண்டே டிரைவர் நிறுத்துவார்.

ஓடிவந்து கை காட்டினேன். பயணிகள் எல்லோரும் சந்தோஷமாகத் திரும்பக் கையசைத்தார்கள். ஒருவர் படமும் எடுத்தார். என் மகளும் சிரித்தபடி கையசைத்தாள். கடைசிப் பெட்டியும் போய்விட்டது.

அடுத்த முக்கால் மணி நேரம் செம்பனை நிழலில் நான் நினைத்ததையெல்லாம் எழுத முடியாது. என்னைத் தேடி எங்காவது இறங்கியிருப்பாளா? தண்டவாளத்தில் நடந்து வருவாளா?

ஒருவழியாக, செம்மண் பாதையில் ஒரு ஜீப் வந்தது. மல்லிகா இறங்கினாள், என் மகள் அவள் கையைப் பிடித்தபடி.

"நாந்தான் தலை எண்ணாம விட்டுட்டேன், மன்னிச்சுக்க" என்றாள் மல்லிகா. "நீ கை காட்டுனதும் எனக்குப் புரிஞ்சிருச்சு. நிறுத்துன்னு கத்துனேன் லா. டிரைவர் சின்னப் பையன், டாட்டா காட்டுறாங்கன்னு ஹார்ன் அடிக்கிறான். கை காட்டுனா நிறுத்தணும்னு இப்ப யாருக்கும் தெரியல."

மகளை இழுத்து அணைத்துக்கொண்டேன். அவள் என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"அழாதீங்கம்மா. அடுத்த வாரம் நான் ஆன்ட்டியோட வந்துக்கிறேன்."