சவுக்காரம் காணாத போர்வை

போன கிழமை மருமகள் அலுமாரியைத் துப்புரவு செய்தாள். அடித்தட்டில் கிடந்த என் ஒட்டுத்துணிப் போர்வையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து மூக்கைச் சுளித்தாள்.

"மாமி, இதுக்கு ஒருக்காலும் சவுக்காரம் காட்டேல்லையோ?"

காட்டவில்லைதான். நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. பூச்சி உருண்டை மணமும் கண்டி மழையின் பூஞ்சண மணமும் அதில் ஊறிப்போயிருந்தன. காரணத்தை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். கண்டியில் ஒன்றாகப் படித்த மூன்று பேர் நாங்கள். கலியாணம் முடித்து நான் கண்டியிலேயே தங்கிவிட்டேன். ஜெமீலா புசல்லாவையில் ஒரு கடைக்காரரைக் கட்டிக்கொண்டு போனாள். சொர்ணத்தின் புருஷன் பன்விலைத் தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். பிரியும்போது ஒரு யோசனை செய்தோம். மாதம் ஒரு துணித்துண்டில் பூ வேலை செய்து அவர்கள் தபாலில் எனக்கு அனுப்புவது. என் துண்டையும் சேர்த்து நான் என் கைமெஷினில் பொருத்துவது. ஆளுக்கொரு போர்வை முடிப்பதாகப் பேச்சு. முதலாவதே முடியவில்லை.

ஒரு விதி வைத்திருந்தோம். உடுத்துத் தோய்த்துப் பழசான துணிதான் சேரும், கடைத்துணி கூடாது. விதியைப் போட்டவள் நான். மெஷின் என்னிடம் இருந்ததால் சட்டாம்பிள்ளையும் நானே. பார்சலில் கடிதம் வைப்பதில்லை; துணியைப் பார்த்தே ஒருவர் சுகத்தை ஒருவர் அறிந்துகொள்வோம் என்று பெரிய எண்ணம்! பார்சலைப் பிரித்தால் முதலில் மணம்தான் வரும். ஜெமீலா அனுப்பும், அவள் வாப்பா உடுத்துப் பழசான சாரத்துண்டில் கறுவாப்பட்டை மணக்கும். சொர்ணத்தின் துண்டில் அடுப்புப் புகை.

ஒரு தடவை சொர்ணத்திடமிருந்து இரண்டு மாதம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒரு மஞ்சள் துண்டு வந்தது. சின்னப் பூப்போட்ட சீத்தை, கஞ்சிகூடப் போகாத புதுத்துணி. பூ வேலையும் இல்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் அல்லவா? "புதுத்துணி செல்லாது. கடைக்காரி ஜெமீலாவா, நீயா?" என்று சீட்டு எழுதி வைத்துத் திருப்பி அனுப்பினேன். எழுதிவிட்டு எனக்குள் சிரித்தும் கொண்டேன்.

அடுத்த மாதம் அதே துண்டு திரும்பி வந்தது. நிறம் மங்கி, மெத்தென்று, ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது. என் சட்டம் வென்றது என்று அதை நடுவில் வைத்துத் தைத்தேன்.

பெரஹரா ஊர்வலம் பார்க்க வந்த ஜெமீலாவிடம் போர்வையை விரித்து இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். அவள் முகம் கறுத்துவிட்டது.

"ஒனக்குத் தெரியாதா? எங்கட பெரிய நானா பன்விலைக்குப் போன நேரம் இப்பதான் கேள்விப்பட்டாரு. சொர்ணத்துட புள்ள மௌத்தாப் போச்சு. இருபத்தாறு நாள் புள்ள."

பிள்ளை பிறந்ததே எனக்குத் தெரியாது, இறந்தது எப்படித் தெரியும்? எங்கள் ஆட்கள் முன்கூட்டிச் சொல்வதில்லை. முப்பத்தொரு நாள் கழிந்த பிறகுதான் பெயர், பலகாரம், செய்தி எல்லாம். அதுவரை பிள்ளைக்குப் பழைய வேட்டித்துணி. முதல் புதுச்சட்டை முப்பத்தோராம் நாளுக்குக் காத்திருக்கும். நான் செல்லாது என்று திருப்பி அனுப்பியது அந்தச் சட்டையைப் பிரித்த துணி.

மறுநாளே பன்விலைக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். வாசலிலேயே சொர்ணம் என் கையைப் பிடித்தாள்.

"நீ கேட்டது சரிதானே? உடுத்துத் தோய்ச்சதுதானே சேரும். நாளாந்தம் எடுத்துத் தோய்ச்சுக் கொடியில போட்டனான். பிள்ளை இருந்தால் தோய்க்கத்தானே வேணும்."

அவள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் என் பாரம் குறைந்திருக்கும். அவள் ஏசவில்லை. நான்தான் வெட்கம் கெட்டு அவள் மடியில் விழுந்து அழுதேன்.

அதன் பிறகு போர்வை வளரவில்லை. அதைத் தோய்க்கவும் எனக்குக் கை வரவில்லை. அது சொர்ணத்தின் வேலை என்றே பட்டது. கிளாக்கருக்கு மாற்றம் வந்து அவர்கள் யாழ்ப்பாணம் போனார்கள். இன்று சொர்ணமும் இல்லை, ஜெமீலாவும் இல்லை. பார்சல் பிரிக்கும்போது வந்த கறுவா மணமும் போய்விட்டது. இருபத்தாறு நாள் இருந்த ஒரு பிள்ளையை நினைக்க நான் ஒருத்திதான் மிச்சம்.

"தாங்கோ மாமி, நான் தோய்க்கிறன்" என்று மருமகள் போர்வையை இழுத்தாள். நான் விடவில்லை. தண்ணீர்ப் பைப்படியில் குந்தியிருந்து, சொர்ணத்துக்குப் பதிலாக நானே தோய்த்தேன். கொடியில் போட்டுவிட்டு, மழை வருகிறதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டு அது காயும்வரை பக்கத்திலேயே இருந்தேன்.